தூத்துக்குடியில் எந்தக் காற்று எதைச் சுமந்து வருகிறது

கடற்கரை மாவட்டம் என்றால் காற்று தூய்மையாகத்தான் இருக்கும் என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வதுண்டு. ஆனால் 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது, காற்றுத் தர வரம்பைத் தொடர்ந்து மீறிய நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இடம்பெற்றது. ஆலைகளையும் லாரிகளையும் மட்டும் எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் பாதிதான் விளங்கும். மீதிப் பாதி மலையிலும் மணலிலும் கடலிலும் இருக்கிறது.

இம்மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே வறண்ட காற்றாக இறங்கி வருகிறது. மேற்கிலிருந்து வீசும், கடலோர மக்கள் கச்சான் என்று சொல்லும் இந்த மேல்காற்றுதான் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கும் மண்ணைக் கிளப்புவதும் இதே காற்றுதான்.

சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே உள்ள தேரிக்காட்டை ஆடி மாதத்தில் பார்க்க வேண்டும். இரும்பு ஆக்சைடு பூசியதால் சிவந்த அந்த மணல், தார்ச்சாலையின் மேல் முழங்கால் உயரத்தில் சரசரவென்று ஓடும். பனைகளின் மேற்குப் பக்கத்து வேர்கள் மண் அரித்து வெளியே தெரியும். அந்தப் பருமணல் நுரையீரலுக்குள் போகாது, சற்றுத் தொலைவிலேயே விழுந்துவிடும். அது தரையில் மோதி மோதி எழுப்பும் நுண்துகளைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். அடைத்து வைத்த சன்னலின் உள்விளிம்பில் மாலைக்குள் செம்பொடியாகப் படிவது அதுதான். அதே மாதங்களில் இந்த மேல்காற்று நகரின் புகையைக் கடலுக்குத் தள்ளிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புழுதி மிகுந்து புகை குறைந்த பருவம் அது.

மாசி, பங்குனியில் நிலைமை தலைகீழாகிறது. மேல்காற்று இல்லாத நாள்களில், வெயில் ஏறி நிலம் சூடானதும் முற்பகலிலேயே கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் கடலோரத்திலேயே இருப்பதால், கிழக்கிலிருந்து வரும் இந்தக் கீழ்க்காற்று முதலில் தொடுவது முத்தையாபுரம், முள்ளக்காடு போன்ற குடியிருப்புகளை. உயரமான புகைபோக்கி கட்டினால் புகை மேலேயே போய்விடும் என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்க்கிறது. கடலின் மேலிருந்து வரும் காற்று குளிர்ந்தும் அடுக்கடுக்காக நிலைத்தும் இருப்பதால், அதற்குள் விடப்படும் புகை மேலும் கீழும் பரவாமல் ஒரே பட்டையாக உள்நாட்டை நோக்கி மிதந்து செல்கிறது. சூடான தரையின் மேல் கொந்தளிக்கும் காற்றடுக்கோ, கரையிலிருந்து உள்ளே போகப் போகத் தடிப்பேறி, சில கிலோமீட்டர் தொலைவில் அந்தப் பட்டையை எட்டிப் பிடித்து, அதிலுள்ள மாசைத் தரைக்கு இழுத்துக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே, புகைபோக்கியின் அடியில் நிற்பவரைவிட, அதைக் கண்ணாலேயே பார்க்காத ஊர்க்காரர் அதிகம் சுவாசிக்க நேரலாம். இரவில் கரைக்காற்று கடலுக்குக் கொண்டுபோன மாசில் ஒரு பங்கு மறுநாள் கடற்காற்றோடு திரும்பி வருவதும் உண்டு.

மழை கழுவிவிடும் என்பார்கள். ஆனால் காற்றைத் தூய்மையாக வைத்திருக்க, மழையின் அளவைவிட மழை நாள்களின் எண்ணிக்கையே முக்கியம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையையே விஞ்சிய அளவு அது. அதனால் காற்று கழுவப்பட்டது ஒரு தடவைதான். வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலோ, காய்ந்த பிறகு தெருப்புழுதியாயிற்று. வடகிழக்குப் பருவம் ஓய்ந்த தை மாதத்தில் வங்கக் கடல் வழியே வடக்கின் புகைமூட்டமும் வந்து சேரும். துணைக்கண்டத்திலிருந்து குளிர்காலக் காற்று கடலுக்கு மேல் கொண்டுசெல்லும் அந்த மூட்டத்தை 1999இலேயே இந்தோயெக்ஸ் எனும் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வு விரிவாக அளந்து காட்டியது.

கடல் உப்பும் துகள்தானே என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான், பிஎம் 10 எனப்படும், 10 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்களின் அளவில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அது அலைகள் தோன்றிய நாள் முதல் இருப்பது. நிலக்கரித் தூளுக்கும் சாம்பலுக்கும் அதைச் சாக்காகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனை பருவங்களையும் திசைகளையும் ஒரே ஆண்டுச் சராசரிக்குள் அடக்கி, இன்னும் நுண்ணிய துகள்களான பிஎம் 2.5க்கு இந்தியா வைத்திருக்கும் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. அந்த வரம்பே உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 5 மைக்ரோகிராமைப் போல் எட்டு மடங்கு. நான் வேண்டுவது மணிவாரியான அளவீடும், பக்கத்திலேயே காற்றின் திசையும். கருவிகள் கரையோரத்தில் மட்டுமன்றி, புகைப்பட்டை இறங்கக்கூடிய உள்நாட்டு ஊர்களிலும், குறிப்பாகப் பள்ளி வளாகங்களில், இருக்க வேண்டும். ஏனெனில் கடற்காற்று வலுத்து வீசும் முற்பகலும் பிற்பகலும்தான் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம்.