ராலிகிராஸுக்கு ஒரு பழைய குடும்பக் கார்: ஸ்க்ரூட்டினி (போட்டிக்கு முந்தைய பரிசோதனை) தாண்டப் பட்ட பாடு

காரை விற்றவர் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கருப்பு அண்டர்கோட் அடித்துக் கொடுத்திருந்தார். லிப்டில் ஏற்றியதும் மெக்கானிக் அண்ணன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பின் சஸ்பென்ஷன் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் அழுத்தினார். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. “தம்பி, பெயின்ட்தான் இதைப் பிடிச்சு வெச்சிருக்கு” என்றார். வயிறு எரிந்தது. துருவை மறைக்கத்தான் அந்தப் பூச்சு என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

மண் தடத்தில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் இந்த அமெச்சூர் ராலிகிராஸ் போட்டிக்கு மலிவான கார் போதும். பெரிதாக மாற்றாத கார்களுக்கான ஸ்டாக் வகுப்பில் பெரும்பாலும் ரோல் கேஜ்கூட (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) கேட்பதில்லை. ஆனால் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், ஸ்ட்ரட் டவர் (ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் மாட்டும் இடம்), ஜாக்கி வைக்கும் விளிம்பு ஆகியவற்றைக் குத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் கோளாறைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த இரும்பு போனால் வெல்டிங்குக்கே கார் வாங்கிய காசு போய்விடும்.

ஆயில், கூலன்ட், பெல்ட், பிரேக் பேடு எல்லாம் வழக்கம்போல. பிரேக் ஆயிலை மட்டும் மாற்றாமல் விடாதீர்கள். புதிய டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழையது 155 டிகிரிக்கே கொதிக்கலாம், பெடல் பஞ்சுபோல் அமுங்கும்.

அடுத்த அடி சம்ப் கார்டில், அதாவது இன்ஜினின் அடிப்பாகத்தைக் கல்லிலிருந்து காக்கும் தகட்டில். வெல்டிங் பட்டறையில் இரும்புத் தகட்டை அப்படியே மூடி அடித்துக் கொடுத்தார்கள். ஆயில் இறக்க ஓட்டையும் இல்லை, சூடு வெளியேற வழியும் இல்லை. ஓட்டிப் பார்த்தபோதே டெம்பரேச்சர் முள் ஏறியது. சண்டை போட்டுத்தான் பின்பக்கம் சரிவாகக் காற்றுத் துளைகள் வெட்ட வைத்தேன். நீங்கள் முதலிலேயே வரைந்து கொடுத்துவிடுங்கள்.

டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். திருப்பத்தில் மண் பள்ளத்தில் சக்கரம் மாட்டினால், காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். கம்பெனி சொல்லும் அளவைவிடச் சற்றுக் கூட்டியே வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முதல் போட்டியில் தடத்தில் சக்கரம் படவில்லை. கடைக்காரர் “ரேஸுக்கே இதுதான் சார்” என்று அடித்துச் சொல்லி விற்ற ஹெல்மெட், ஸ்நெல் என்ற ஹெல்மெட் சோதனை அமைப்பின் எம் தரம், அதாவது பைக்குக்கானது. நான் போன போட்டியின் விதி கேட்டது கார் பந்தயத்துக்கான எஸ்ஏ தரம். அதன் உள்உறை தீயைத் தாங்கும்; கூண்டுக் கம்பியில் மோதும் சோதனையும் அதற்கு உண்டு. ஸ்க்ரூட்டினியில் உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். அவர்கள்மேல் கோபமில்லை, கடைக்காரர்மேல் இன்னும் இருக்கிறது. எம் ஏற்கும் போட்டிகளும் உண்டு, அதனால் விதிப்புத்தகத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு, லேபிளை நீங்களே பாருங்கள்.

அடுத்த முறை ஹெல்மெட் சிக்கலில்லை. பரிசோதகர் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார், அசையவில்லை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டினார். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் ஆட்டினார், அங்கே ஆடினால் டை ராட். எதுவும் ஆடவில்லை. ஸ்டெப்னி, மிதியடி, வீல் கப் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தேன். கண்ணாடியில் அவர் ஸ்டிக்கரை ஒட்டியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைக்கு எல்லா ஓட்டமும் முடித்தேன். தளர்மண்ணில் ஏபிஎஸ் காரை நிறுத்த நேரமெடுக்கும், அதனால் பிரேக்கைச் சீக்கிரமே தொடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி முறுக்குங்கள். வீடு திரும்பும் முன் சம்ப் கார்டுக்குள் அடைந்த சேற்றைக் கழுவிவிடுங்கள்; காய்ந்தால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும்.