வாலரின் தவளை நாக்கு: நரம்புச் சிதைவுக் குறிப்புகள்

ஜூன் 3
அகஸ்டஸ் வாலர் லண்டன் கென்சிங்டனில் மருத்துவம் பார்த்துவந்தவர். அறுபட்ட நரம்புக்கு என்ன ஆகிறது என்பதை நாள்வாரியாகச் சொன்ன அவரது ஆய்வு 1850-இல் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் அபாரம். தவளையின் நாக்கு முன்தாடையில் ஒட்டியிருக்கும். பின்நுனி விடுபட்டுக் கிடக்கும். வெளியே இழுத்து விரித்தால் ஒளி ஊடுருவும். சாயமே இல்லாமல் நரம்பிழைகள் தெரியும்.

ஜூன் 5
நாத்தொண்டை நரம்பு உணர்வுக்கு, நாவடி நரம்பு தசைக்கு. ஒரு பக்கத்தை மட்டும் அறுக்க வேண்டும். அதே நாக்கின் மறுபக்கம் ஒப்பீட்டுக்கு. நாக்கை இறுக்கி இழுத்து ஊசி குத்தினால் ரத்த ஓட்டம் தடைபடும், காயவிட்டால் மேற்பரப்பு கெடும். எது வெட்டின் விளைவு, எது கையாண்டதன் விளைவு என்று பிறகு பிரிக்க முடியாது. அறுபட்ட முனைகள் எதிரெதிரே கிடந்தால் இழைகள் மீண்டும் வளர்ந்து சேரும் என்பதால், நீண்டகாலக் கண்காணிப்பு என்றால் சிறு துண்டொன்றை எடுத்தே விட வேண்டும்.

ஜூன் 6
நாவடி நரம்பில் வாலர் கண்டது: முதல் நான்கு நாள் மாற்றமில்லை. ஐந்தாம் நாள் இழை முடிச்சு முடிச்சாகப் புடைக்கிறது. பத்தாம் நாள்வாக்கில் இழையின் உட்பொருள் துண்டுபட்டு, இருமுனையும் கூம்பிய கட்டிகளாகிறது. 12–15 நாளில் தனியிழைகள் பலவும் கண்ணுக்கே தெரிவதில்லை. இவை தவளைக்கான கணக்கு. குளிரில் இன்னும் மெதுவாகும். எலியில் ஓரிரு நாளிலேயே இழை நொறுங்கிவிடும்.

ஜூன் 11
அடுத்தது முதுகுத்தண்டு நரம்பின் வேர்கள். முன்வேரை அறுத்தால் வெளிப்பக்கத் துண்டு அழியும். பின்வேரை நரம்புக்கணுவுக்கும் (உணர்வு நரம்புச் செல்கள் திரண்ட முடிச்சு) தண்டுவடத்துக்கும் நடுவே அறுத்தாலோ, தண்டுவடத்தோடு ஒட்டிய துண்டு அழியும். கணுவோடு ஒட்டியது பிழைக்கும். உணர்விழையைக் காப்பது கணு என்று இதிலிருந்து தெளிவானது. எனக்கு நாக்குச் சோதனையைவிட இதுவே பெரிது: எது அழிகிறது என்று பார்த்தே இழையின் தாய்ச்செல் எங்கே என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 12
சிதைந்த இழைகளை மட்டும் கறுப்பாக்கிக் காட்டும், 1880-களில் வந்த மார்க்கி முறை. முல்லர் திரவம்: 100 மில்லி நீரில் பொட்டாசியம் டைகுரோமேட் 2.5 கிராம், சோடியம் சல்பேட் 1 கிராம். அதில் திசுவைச் சுமார் ஒரு வாரம் ஊறவைத்து, பிறகு முல்லர் 2 பங்கு, 1% ஆஸ்மிக் அமிலம் 1 பங்கு கலந்ததில் இன்னொரு வாரம். டைகுரோமேட் ஏறிய நல்ல மயலின் (இழையைச் சுற்றிய கொழுப்புறை) கறுக்காது. சிதைந்த மயலின் மட்டும் கறுக்கும். எடுக்கும்போது திசுவை நசுக்கினால் நல்ல இழையும் கறுத்து ஏமாற்றும். ஆஸ்மிக் ஆவி கண்ணைக் கெடுக்கும்; ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள்தான் திறக்க வேண்டும்.

ஜூன் 16
செல்லிலிருந்து வரும் ஊட்டம் நின்றதால் இழை வாடுகிறது என்பதே நெடுங்கால விளக்கம். 1989-இல் விவரிக்கப்பட்ட ஒரு எலி வகையில் அறுபட்ட துண்டு வாரக்கணக்கில் தாங்கியது. செல்லைப் பிரிந்தும் இழை இருக்கும் என்றால், அதை அழிக்க உள்ளேயே ஏற்பாடு இருக்க வேண்டும். 2012-இல் அது பிடிபட்டது: சார்ம்1 புரதம். அதை நீக்கினால் அறுபட்ட ஆக்ஸான் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) நொறுங்குவது வெகுவாகத் தள்ளிப்போகிறது. ஆற்றலுக்குத் தேவையான என்ஏடி மூலக்கூறை உருவாக்கும் என்எம்நாட்2 என்ற நொதி செல்லிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். வெட்டியதும் வரத்து நிற்கிறது, இருப்பு தீர்கிறது, சார்ம்1 விழித்து என்ஏடியைத் தின்று தீர்க்கிறது.