பசிக்கலக்கா

ஏப்ரல் 3

ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள். 18 கிலோ அரிசி, 2 கிலோ ராகி. பருப்பு இன்னும் வரவில்லை. அம்மாவின் ரேகை இந்த மாதமும் மெஷினில் விழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். புளி தட்டித் தேய்ந்த விரல். கடைசியில் நான்தான் வைத்தேன். எனக்கு ஒரு நாள் காலேஜ் போச்சு, அவளுக்கு அரை நாள் கூலி.

ஏப்ரல் 5

தங்கச்சி சின்னு பசிக்கலை என்றாள். களி உருண்டை அப்படியே மூடிக் கிடக்கிறது.

ஏப்ரல் 8

தம்பிக்குப் பள்ளியில் காலையில் கிச்சடி, மத்தியானம் சாதமும் முட்டையும். நாலாவது படிக்கிறான். காலைச் சாப்பாடு ஐந்தாவது வரை. சத்துணவு பத்தாவது வரை. சின்னு பதினொன்றாவது.

அவளும் போன வருஷம் வரை தன் பள்ளியில் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றவள்தான். இப்போதும் அதே மரத்தடியில்தான் உட்காருகிறாளாம், ஒன்பதாவது பிள்ளைகள் முட்டை உரிப்பதைப் பார்த்தபடி. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியது சின்னப் பிள்ளைகளுக்கு. அப்புறம் பத்தாவது வரை வந்தது. இன்னும் இரண்டே வகுப்பு. பதினாறு வயதில்தான் பிள்ளைக்கு அதிகம் பசிக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

டிபன் பாக்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறாள். கேட்டால், பசிக்கலக்கா.

ஏப்ரல் 11

அப்பா போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 15

அம்மாவுக்கு உரிமைத்தொகை 1000 ஏறிவிட்டது. 2023-ல் தொப்பூரில் விண்ணப்ப முகாம் தொடங்கியபோது, கிடைக்குமா கிடைக்காதா என்று எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாள்! மளிகைக் கடன் 640 போனது. மீதியில் ஒரு அட்டை முட்டை வாங்கலாம் என்றேன். காஸ் சிலிண்டருக்குச் சேர்க்க வேண்டும் என்றாள். அவள் சொல்வதும் சரிதான். என் புதுமைப் பெண் பணம் பரீட்சைக் கட்டணத்துக்கே போய்விட்டது.

ஏப்ரல் 17

நாளையோடு தம்பிக்குப் பள்ளி முடிகிறது. ஜூன் வரை லீவு. அவன் குதிக்கிறான்.

18 கிலோவை 30 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 600 கிராம். நாலு பேர். ஆளுக்கு 150. இத்தனை நாள் அவனுடைய இரண்டு வேளையைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது. திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டேன். ராகியைச் சேர்த்தும் போட்டேன். போதவே இல்லை.

ஏப்ரல் 20

தோழி ஒருத்தி எலுமிச்சை சாதம் கொடுத்தாள். பாதியை எடுத்து வைத்தேன். டவுன் பஸ்ஸில் இண்டூர் வரும் வரை டப்பா மடியிலேயே இருந்தது. டிக்கெட் காசு வாங்காத பஸ் மட்டும் இல்லையென்றால் நான் படிப்பை எப்போதோ விட்டிருப்பேன்.

சின்னு நின்றபடியே தின்றாள். டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் விரலால் வழித்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21

அந்த விரல்.

ஏப்ரல் 24

அப்பா பேசினார். பெங்களூரில் வெயிலே தெரியவில்லையாம். சம்பளம் சனிக்கிழமை வருமாம். போன வாரமும் சனிக்கிழமை என்றுதான் சொன்னார். குரல் கம்மியிருந்தது. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டேன். பசிக்கலைம்மா என்றார்.

ஏப்ரல் 26

பருப்பும் பாமாயிலும் வந்துவிட்டதாம். பருப்பு கிலோ 30, வெளியே நூறுக்கு மேல். அம்மா புளிக்குப் போயிருக்கிறாள். "நான் விரல் வைக்கிறேன்கா" என்று சின்னு பையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டாள். காசு என்னிடம் இருக்கிறது.