வீட்டு வாசலிலேயே என்ஜின் ஆயில் மாற்றம்
இன்று காலை திருநகரில் எங்கள் வீட்டு வாசலிலேயே காரின் என்ஜின் ஆயிலை மாற்றினேன். சில நிமிடங்கள் ஓடவிட்டு, ஆயில் இளஞ்சூடானதும் என்ஜினை அணைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்திய பிறகே அடியில் படுக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது. ஆயிலை வடிகட்டும் பழைய ஃபில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புதிய வளையத்தில் சிறிது ஆயில் பூசிக் கையாலேயே இறுக்கினேன். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றிய டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர். மதுரை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் ஏற்றது என்று கடையில் சொன்னாலும், எங்கள் வண்டியின் கையேடு சொல்லும் 5டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மை அளவுள்ள ஆயிலையே ஊற்றினேன். கழிவு ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாதீர்கள். அது கண்மாயிலோ வைகையிலோதான் போய்ச் சேரும். கேனில் அடைத்து, அதைச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள்.