கடல் பஞ்சு பொடியும் வாட்சப் வைத்தியமும்

போன வாரம் எங்க தோட்டத்து வாட்சப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துச்சு, கடல் பஞ்ச (கடலுக்கடியில பாறையில ஒட்டி வாழுற ஒரு ஜீவன்) காயவச்சி பொடி பண்ணி குடிச்சா கேன்சர் ஓடிரும்னு. மலேசியாவுல பேராக் பக்கம் இருக்குற எங்க சுங்கை சிப்புட்ல சுத்தி செம்பனையும் ரப்பரும்தான், கடல் பாக்கணும்னா லுமுட் வரைக்கும் போகணும், ஆனா பார்வர்டு மட்டும் தானா வந்துரும் லா.

முழுப் பொய்யும் இல்ல, அதான் தொல்லை. 1950கள் ஆரம்பத்துல பெர்க்மான்னு ஒரு கெமிஸ்ட் கரீபியன் பக்கத்து பஞ்சு ஒண்ணுல, டிஎன்ஏல இருக்குற சரக்கு மாதிரியே ஆனா சர்க்கரை மட்டும் வேற மாதிரி இருக்குற பொருள கண்டுபுடிச்சாரு. அந்த வழியில வந்ததுதான் சைட்டராபின், 1969ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சி, ரத்தப் புற்றுக்கு இன்னிக்கும் குடுக்குறாங்க. செல்லு பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏவ காப்பி எடுக்கும்ல, அப்ப இந்தப் போலி உள்ள போயி உக்காந்துக்கும், வேல அதோட நின்னுரும்.

பஞ்சுக்கு ஓடக் காலும் இல்ல கடிக்கப் பல்லும் இல்ல, பாறையில ஒட்டிக்கிட்டு தண்ணிய வடிகட்டிச் சாப்புடுற ஜீவன், அதனால விஷந்தான் அதுக்குத் தொண. பல நேரம் அதக்கூட உள்ள குடியிருக்குற பாக்டீரியாதான் செஞ்சி குடுக்குது.

பொடி விக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. ஜப்பான்ல ஹிராத்தா, உவெமுரா ரெண்டு பேரும் 600 கிலோ பஞ்ச அரைச்சி எடுத்த ஹாலிகாண்ட்ரின் பி, அதாவது கேன்சர் செல்லக் கொல்ற சரக்கு, வெறும் 12.5 மில்லிகிராம். 1986ல வெளியிட்டாங்க. 1992ல ஹார்வர்டுல கிஷி அத லேப்புலயே முழுசா கட்டிட்டாரு, அப்பறம் அதுல தேவையான பாதிய மட்டும் வச்சி வந்த எரிபுலின் 2010ல மார்பகப் புற்றுக்கு மருந்தாச்சு. ஒரு ஸ்பூன் பொடியில என்னத்த இருக்கப் போவுது?

செல்லக் கொல்றது பெரிய கெட்டிக்காரத்தனமே இல்லங்க, தோட்டத்துல அடிக்கிற புல்லு மருந்துகூட கொல்லும். லேப்புல கேன்சர் செல்லு மேல பஞ்சுச் சாற ஊத்தி மஞ்ச கலர் கெமிக்கல் ஒண்ண சேப்பாங்க, உசுரு இருந்தா ஊதாவா மாறும், செத்திருந்தா மஞ்சளாவே நிக்கும். மஞ்சளா நின்னா உடனே கைதட்ட முடியாது, நல்ல செல்லையும் சேத்துக் கொல்லுதான்னு பாக்கணும், நெறைய அங்கதான் அடிபடும். தேறி வந்த மருந்துக்கே வெள்ளை அணு எறங்குது, முடி கொட்டுது, அந்த மாதிரி மருந்து எடுத்த எங்க சின்னம்மாவ பாத்தவங்களுக்குத் தெரியும்.

இத குரூப்புல போட்டதும் ஒரு அண்ணன் கேக்குறாரு, அப்ப நம்ம வாசல்ல நிக்கிற நித்தியகல்யாணிய அவிச்சி குடிக்கலாமான்னு. வின்கிரிஸ்டின்ங்கிற கேன்சர் மருந்து அதுலேர்ந்து வந்ததுதாண்ணே, ஆனா அத டாக்டர் மில்லிகிராம் கணக்குல அளந்து ரத்தக் குழாயில ஏத்துறாரு, நீங்க சட்டியில அவிக்காதீங்க, அந்தச் செடியே விஷம்.