அமெரிக்க வரலாற்றுத் தாளும் ‘நடக்காமல் போயிருந்தால்?’ என்ற கேள்வியும்

எம்.ஏ. வரலாறு படிக்கிறவர்களும் சரி, போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு எழுதுகிறவர்களும் சரி, அமெரிக்கக் கண்டங்கள் பகுதியில் ஒரே இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். ‘காரணங்களை ஆராய்க’ என்று கேள்வி வரும். நோட்ஸில் உள்ள ஐந்து காரணங்களையும் வரிசையாக இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அவற்றில் எது கனமானது, எது பேருக்கு நிற்கிறது என்று சொல்ல வராது. இதற்கு எனக்குக் கைகொடுத்தது, ஒவ்வொரு காரணத்தையும் கற்பனையில் நீக்கிப் பார்க்கிற பழக்கம்.

எதை நீக்குவது என்பதில்தான் சூட்சுமம். ‘கொலம்பஸ் கப்பலே ஏறாதிருந்தால்?’ என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தேறாது. 1500 ஏப்ரலில், இந்தியாவுக்குக் கிளம்பிய போர்ச்சுகீசியர் கப்ரால், அட்லாண்டிக்கில் மேற்கே விலகிப்போய் பிரேசில் கரையைத் தொட்டார். அதன் பிறகுதான் கோழிக்கோடு வந்தார். கொலம்பஸ் இல்லாவிட்டாலும் எட்டு வருஷத்தில் இன்னொரு கப்பல் அங்கே நின்றிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆளை நீக்கியும் முடிவு அசையவில்லை என்றால், மிளகு வியாபாரம், காற்று, கடலோட்டம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

நல்ல பயிற்சிக்கு, வட அமெரிக்காவில் தன் கையிலிருந்த லூசியானா நிலப்பரப்பை 1803இல் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் தூதர்கள் கேட்டது முக்கியமாக நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை. நெப்போலியன் லூசியானா முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார். பணத்தேவை, பிரிட்டனோடு வரவிருந்த போர், ஹைட்டியில் அடிமைகள் நடத்திய புரட்சி என்று நோட்ஸ் மூன்று காரணம் சொல்லும்.

ஹைட்டியை நீக்கிப் பாருங்கள். அன்று அது செயின்ட் டொமிங், பிரான்சுக்குச் சர்க்கரையைக் கொட்டிய தீவு. அதற்கு உணவும் மரமும் அனுப்பத்தான் லூசியானா தேவைப்பட்டது. தீவு கையில் இருந்திருந்தால் நெப்போலியன் அவ்வளவு லேசில் விற்றிருப்பாரா? அடுத்து, தீவு ஏன் கைநழுவியது? புரட்சியை அடக்க லெக்லெர்க் தலைமையில் போன பிரெஞ்சுப் படையை மஞ்சள் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1802 நவம்பரில் அவரும் செத்தார். சரி, காய்ச்சலை நீக்கலாமா? இங்கே வெறும் கற்பனையில் மிதக்க வேண்டாம், பக்கத்திலேயே ஒரு நிஜ உதாரணம் உண்டு. அதே 1802இல், இன்னொரு பிரெஞ்சுக் காலனியான குவாதலூப் தீவில் பிரெஞ்சுப் படை ஜெயித்தது, அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. 1848 வரை அது நீடித்தது. அந்தச் செய்தி செயின்ட் டொமிங்கை எட்டியபோது, அதுவரை பிரான்ஸ் பக்கம் நின்ற கறுப்பினத் தளபதிகளே எதிரணிக்குப் போனார்கள். ஆகவே காய்ச்சல் மட்டும் ஜெயிக்கவில்லை, ஜனங்களும் ஜெயித்தார்கள். (பல பாடநூல்கள் இந்த இரண்டாவதை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு இன்னும் எரிச்சல்.)

இப்போது போரை நீக்குங்கள். விற்பனை தள்ளிப்போயிருக்கும், ஆனால் தீவு இல்லாத பிரான்சுக்கு அந்த நிலம் சுமைதான். வரிசை கிடைத்துவிட்டது: ஹைட்டி முதலில், போர் அடுத்து, பணம் கடைசியில்.

விடைத்தாளில் இந்தக் கற்பனையைக் கதையாக விரிக்காதீர்கள். திருத்துகிறவர் பொறுமை இழப்பார். ‘செயின்ட் டொமிங்கை இழக்காதிருந்தால் லூசியானாவை விற்கும் அவசியம் குறைந்திருக்கும்’ என்று ஒரு வரி, அதை ஒட்டி ஆதாரம். போதும். இன்னொன்று, ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்றே பிடிபடாது.

வீட்டில் செய்து பார்க்க ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானின் வீழ்ச்சி தோதானது. 1520இல் பெரியம்மை, ஆட்சிக்கு வந்து சில மாதங்கள்கூட ஆகாத ஆஸ்டெக் அரசர் குயிட்லாவாக்கைக் கொன்றது. நகரைப் பிடிக்க வந்த ஸ்பானியத் தளபதி கோர்டெஸுக்குத் துணைநின்ற, ஆஸ்டெக்குகளின் பகைவர்களான த்லஸ்காலா மக்களையும் அது விட்டுவைக்கவில்லை. முதலில் அம்மையை நீக்கி ஒரு பத்தி எழுதுங்கள். பிறகு அம்மையை அப்படியே விட்டு, த்லஸ்காலாவின் கூட்டணியை நீக்கி இன்னொரு பத்தி. இரண்டாவதை எழுதும்போது 1520 ஜூன் 30 இரவில் நிறுத்திப் பாருங்கள்: நகரத்தை விட்டு உயிர்தப்பி ஓடும் கோர்டெஸுக்கு, மிச்சப் படையோடு ஒதுங்க வேறு ஊர் எது?