கை ஊன்றாமல்

பிப்ரவரி 16, ஞாயிறு

எடை 109.2 கிலோ. இன்றைக்குப் புரதம் 38 கிராம்தான் தேறியது. காலையில் பால் 200 மில்லி, அதில் பவுடர் ஒரு கரண்டி, அதிலேயே 30 வந்துவிட்டது, அப்புறம் நாள் முழுக்க மீதி எட்டு. மதியம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மிக்சியில் அடித்து நாலு ஸ்பூன் சாப்பிட்டேன். அஞ்சாவது ஸ்பூன் நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டு இறங்கவே இல்லை, அரை மணி நேரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாயங்காலம் மோர். தாளில் எழுதிக் கொடுத்திருப்பது 60 முதல் 80 வரை. எடை குறைய ஆபரேஷன் செய்து முக்கால் வயிற்றுக்கு மேல் எடுத்துவிட்டார்கள், இருக்கிற இடத்தில் 60 கிராமை எங்கே வைப்பேன்?

மாவு வாளியைப் பாப்பா தூக்கினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது.

பிப்ரவரி 19, புதன்

தரையில் உட்கார்ந்து பூக்கட்டிவிட்டு எழும்போது இடது கையை ஊன்றினேன். அப்பத்தா இப்படித்தான் ஆரம்பித்தது.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று சிவராத்திரி. அத்தை ராத்திரி முழுக்க விழித்திருந்து, விடிந்ததும் குளித்து, எனக்கு முதலில் ஒரு முட்டையை வேகவைத்து மசித்துக் கொடுத்தது. விரதம் விட்ட வீட்டில் முட்டையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மருந்துன்னு சாப்பிடு" என்றது. கண் கலங்கிவிட்டது. 6 கிராம்.

மார்ச் 5, புதன்

104. தையல் எல்லாம் ஆறிவிட்டது, இனி கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு கிலோவில் ஆரம்பிக்க வேண்டும். நான் சிப்பம் எப்போது தூக்கலாம் என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். 25 கிலோ அரிசி மூட்டை சார் என்றேன். "முதலில் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்" என்றார், கோபமாக இல்லை.

கீழே பிசியோ பொண்ணு நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினாள். ஒன்பது. அப்புறம் ஒரு இரும்புப் பிடியைக் கையில் கொடுத்து மூச்சடக்கி அழுத்தச் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் 27 கிலோ காட்டியது, இன்றைக்கு 23. ஆறு வாரத்தில் நாலு கிலோ பிடி போயிருக்கிறது. பெண்களுக்கு 18க்குக் கீழே போனால் பலவீனம் என்று ஆசியக்காரர்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்களாம். எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். ஐந்து.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "அக்கா, பட்டினி கிடக்கிறப்ப உடம்பு கொழுப்ப மட்டும் எடுக்காது, சதையிலயும் கை வைக்கும். நீங்க வேலை வாங்குற சதைய அவ்வளவு லேசுல விடாது. சும்மா கிடக்கிறதத்தான் மொதல்ல உருவும்." சாப்பாடு மட்டும் போதாது, உடற்பயிற்சி மட்டும் போதாது, இரண்டும் வேண்டும், அதிலும் எடை வேகமாக இறங்குகிற இந்த முதல் ஆறு மாதம்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம் என்றாள். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். நடங்கள் நடங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நடந்தேன், தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடை நல்லதுதான், ஆனால் கையும் தோளும் முதுகும் நடந்தால் வளராது.

ரப்பர் பட்டை ஒன்று வாங்கினேன். ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

தோள் வலி. சந்தோஷமான வலி.

மார்ச் 14, வெள்ளி

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள். "சதை கரைஞ்சு ஆளே மாறிட்டீங்க." மாவு அளந்து ஊற்றும்போது காலையில் மட்டும் நாலு பேர். அவர்கள் மனசார வாழ்த்துகிறார்கள், நானும் சிரிக்கிறேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் வயிற்றில் பகீர் என்கிறது. நம் பேச்சில் கொழுப்புக்கும் சதைதான், தெம்புக்கும் சதைதான். குண்டாகிவிட்டால் சதை போட்டுட்டா என்கிறோம், இளைத்துவிட்டால் சதை கரைஞ்சிருச்சு என்கிறோம். எது கரைந்தது என்று யாரும் கேட்பதில்லை. தராசும் கேட்பதில்லை. 102.4 என்று காட்டிவிட்டு அது பாட்டுக்குக் கிடக்கிறது. குளித்துவிட்டு நின்று மேல்கையைப் பிடித்துப் பார்த்தேன். தோல் தொங்குகிறது, உள்ளே முன்பு உருண்டு கெட்டியாக இருந்த இடம், டில்டிங் கிரைண்டரைச் சாய்த்து மாவை வழித்து வழித்து ஏறிய அந்த முண்டு, விரலுக்குத் தட்டுப்படுகிறது, ஆனால் சின்னதாக, எலுமிச்சை அளவுக்கு. முன்பு எப்படி இருந்தது என்று அளந்து வைக்கவில்லையே என்று இருக்கிறது. யார் அளப்பார்கள்?

அவரிடம் சொன்னேன். "மொதல்ல எடை இறங்கட்டும், மத்தத அப்புறம் பாப்போம்" என்றார். அப்புறம் என்பதுதான் பயம். போனதைத் திரும்ப ஏற்றுவது, இருக்கிறதைக் காப்பாற்றுவதைவிடக் கஷ்டம் என்று பிசியோ பொண்ணு சொல்லியிருக்கிறாள்.

சுவரில் கை வைத்துத் தண்டால் 12. நாற்காலி 10.

மார்ச் 23, ஞாயிறு

மேலூர் பக்கம் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். மந்தையில் இளவட்டக்கல் அப்படியே கிடக்கிறது, பாதி மண்ணுக்குள். பக்கத்தில் குத்தவைத்துக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தேன். பிடிக்க ஒரு மூலை கிடையாது, விளிம்பு கிடையாது, எத்தனையோ பேர் நெஞ்சில் உரசி எண்ணெய் தடவின மாதிரி வழவழ என்று இருக்கிறது. அப்பா சொல்லும், கையால் தூக்க நினைத்தால் நகராது, குத்தவைத்து அணைத்து முதலில் தொடைக்கு ஏற்ற வேண்டும், தொடையிலிருந்து நெஞ்சுக்கு, அப்புறம்தான் தோள். எல்லாம் தொடையில்தான் இருக்கிறது.

அப்பத்தாவுக்கு அந்தத் தொடைதான் போனது. கடைசி இரண்டு வருஷம், ஒரு காய்ச்சலுக்கு அப்புறம், எதுவும் செரிக்காது என்று சொல்லிக் கஞ்சியும் ரசமும்தான் கொடுத்தோம். முட்டை கொடுக்கவில்லை, பருப்புகூட மேலாகத் தெளித்துத்தான். திண்ணையிலேயே உட்கார வைத்தோம், எழுந்தால் விழுந்துவிடும் என்று. பாசத்தில்தான் செய்தோம். எழவே விடாததால் எழவே முடியாமல் போனது. முதலில் கையை ஊன்றி, அப்புறம் தூணைப் பிடித்து, அப்புறம் யாராவது தூக்கிவிட்டு. குளிப்பாட்டும்போது தொடையைப் பிடித்தால் தோலுக்குள் எலும்புதான் உருண்டது. ஒருநாள் வாசற்படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. அதற்குமேல் எழுத வேண்டாம்.

கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த நான் எழும்போது கல்லில் கை ஊன்றித்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

நாட்டுக்கோழி ஒரு துண்டு. கல் மாதிரி நின்றுவிட்டது. வாந்தி எடுத்த பிறகுதான் சரியானது. இனி கொஞ்ச நாளைக்கு மீனும் முட்டையும்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

95. எல்லோரும் கைதட்டாத குறை. ஏறி நின்று இரண்டு கைப்பிடியைப் பிடிக்கிற மெஷினில் பார்த்தார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். மொத்தம் இறங்கியது 23 கிலோ. அதில் கொழுப்பு 16.5. மிச்சம் 6.5 கொழுப்பு இல்லாத எடை. அதில் தண்ணீரும் சேர்த்திதான், உடம்பில் நீர் குறைந்தால் மெஷின் மாற்றிக் காட்டும், அதை அப்படியே தசைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னார்கள். ஆனால் அழுத்திப் பார்க்கிற அந்த இரும்புப் பிடி பொய் சொல்லாது. 19.5.

18க்கும் எனக்கும் நடுவில் ஒன்றரைதான்.

ஏப்ரல் 23, புதன்

தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து இந்த மாதம் என்ன சாப்பிட்டேன் என்று ஒளிக்காமல் எழுதினேன். காலையில் இட்லி ஒன்றரை, நம் மாவு, நம் இட்லி, கையில் எடுக்கும்போதே ஆசையாக இருக்கிறது, அதைச் சாப்பிட்டதும் இடம் நிறைந்துவிடுகிறது. மதியம் ரசம் சாதம் குழைத்து அரைக் கிண்ணம். சுலபமாக இறங்குகிறது என்பதால்தான் அதையே சாப்பிட்டிருக்கிறேன். ஒரு இட்லியில் 2 கிராம் தேறினால் பெரிது. பவுடர் திகட்டுகிறது என்று வாரத்தில் மூன்று நாள் விட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளும் 45ஐத் தாண்டவில்லை. அப்பத்தாவுக்கு நாங்கள் கொடுத்த கஞ்சியை நானே எனக்குக் கொடுத்திருக்கிறேன்.

சரி. இனி தட்டில் முதலில் புரதம், அது இறங்கின பிறகு காய், இடம் இருந்தால்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி கழித்துத்தான்.

ஏப்ரல் 26, சனி

கரிமேட்டில் அயிரை வாங்கி வந்தார். அத்தை புளியைக் குறைத்து, மண்சட்டியில், எனக்கென்று தனியாக எடுத்து வைத்தது. மெத்தென்று முள்ளோடு இறங்குகிறது. சின்னக் கிண்ணம் நிறைய, ஒவ்வொரு மீனாக, இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, "மெதுவா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மீன் 13, பவுடர் 24, பால் 6, முட்டை இரண்டு 12, பன்னீர் கொஞ்சம் 7. 62! முதல் தடவையாக 60ஐத் தாண்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மூன்றாம் நாலாம் மாதத்தில் இப்படித்தான் கொட்டும், திரும்ப வளரும் என்றார்கள். இரும்புச்சத்து, பி12, கால்சியம், டி எல்லாம் நாள் தவறாமல் போடுகிறேன். முடி போனால் போகட்டும். தொடை இருக்கட்டும்.

மே 8, வியாழன்

மீனாட்சி கல்யாணம். தாலிக்கயிறு மாற்றினேன். போன வருஷத்து நீளத்திலேயே கட்டினேன், நெஞ்சுக்குக் கீழே வந்து ஆடுகிறது. வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். செல்லூரில் இருந்துகொண்டு எந்த வருஷமும் விட்டதில்லை, இந்த வருஷம் வேண்டாம் என்று அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கே போய் நின்றோம். சர்க்கரைத் தண்ணீர், மோர், பானகம் என்று வழியெல்லாம் கொடுக்கிறார்கள், இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்று பாட்டிலில் இருந்த தண்ணீரை மட்டும் ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். கூட்டத்தில் நாத்தனார் பிள்ளை எதுவும் தெரியவில்லை என்று அழுதது. நாலு வயசு, 15 கிலோ இருக்கும். யோசிக்காமல் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். பச்சைப் பட்டு தெரிந்ததும் பிள்ளை என் தோளில் ஏறியே விட்டது, நான் கீழே இறக்கவில்லை, கால் நடுங்கியது, இறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழகரிடம் வேறு என்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

திரும்பி வரும்போது யானைக்கல் பக்கம் கண் இருட்டி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் போதவில்லை. அவர் பேசவே இல்லை, விசிறிக்கொண்டே இருந்தார்.

மே 13, செவ்வாய்

நாள் முழுக்கத் தூங்கினேன். தராசில் ஒன்றரைக் கிலோ குறைச்சல். தண்ணீர்தான், வேறு எதுவும் இல்லை, தண்ணீர்தான்.

மே 29, வியாழன்

நாலு நாளாக வயிற்றுப்போக்கு. கஞ்சி. நாற்காலி 8.

மே 30, வெள்ளி

அத்தை கஞ்சியில் பவுடரைக் கலக்கிக் கொண்டுவந்தது. அதுவாகவே யோசித்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

வாரத்துக்கு மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, மதியம் கடை மூடியிருக்கிற நேரத்தில். அரிசியைத் துணிப்பையில் அளந்து கட்டி வைத்திருக்கிறேன், 3 கிலோ, 5 கிலோ, 8 கிலோ. பை லேசாகத் தெரிகிற அன்றைக்கு ஒரு ஆழாக்கு அரிசி சேர்க்கிறேன். ஒரே எடையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் உடம்பு பழகிவிடும், கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒருநாள் ஓய்வும் வேண்டும், ஓய்வில்தான் ஏறுமாம். காலையில் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் 15. சின்ன வயசில் போட்டது. பாதி வரைதான் இறங்குகிறேன், முழுசாக இறங்கினால் எழ முடியுமா என்று இன்னும் தைரியம் வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

87.6. பிடி 22! நாற்காலி 15. மெஷின் சீட்டில் இரண்டு மாதத்தில் இறங்கின 7.4 கிலோவில் கொழுப்பு இல்லாத எடை 0.8 மட்டும். பிசியோ பொண்ணு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, என்ன சாப்பிடுறீங்க?" என்றாள். அயிரை என்றேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஜூன் 28, சனி

சிப்பம் விஷயமாக அவரோடு சண்டை. இனி அதெல்லாம் எதுக்கு, தூக்குறதுக்கு ஆள் வெச்சுக்கலாம் என்கிறார். ஆள் வைக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அவருடைய பயமும் தெரிகிறது, தையல் போட்ட வயிற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். இன்னும் 25 வேண்டாம், 12 கிலோ பையை இடுப்பிலிருந்து மேடைக்கு ஏற்றுகிறேன், அவர் பார்க்கட்டும் என்றேன். பார்த்தார். அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 2, புதன்

71 கிராம். தோப்புக்கரணம் முக்கால்வாசி இறங்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூக்கட்டிவிட்டு, நூலைச் சுற்றி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டேன். முன்னால் சாய்ந்தேன், பாதம் தரையில் பதிந்தது, தொடை கடகடவென்று ஆடியது. பாதியில் நின்றேன். "ம்மா, கை குடுக்கவா?" என்றாள் பாப்பா. வேண்டாம் என்றேன்.